தன் இலக்கைத் தானே எழுதும் பிள்ளை



வகுப்பில் மற்றப் பிள்ளைகள் முதற் கணக்கோடு போராடிக்கொண்டிருக்கையில், ஐந்தாவது கணக்கையும் முடித்துவிட்டுச் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை ஒன்று அநேகமாக எல்லா ஊரிலும் உண்டு. "அவனுக்கென்ன, எப்படியும் முன்னுக்கு வந்துவிடுவான்" என்று ஊரார் சொல்வர். பெற்றோரும் அதை நம்பி நிம்மதியடைவர். படிப்பு எளிதில் வராத பிள்ளைக்காகக் கவலைப்பட ஆசிரியர் இருக்கிறார், தனிவகுப்பு இருக்கிறது, அக்கம்பக்கத்தார் அறிவுரையும் தாராளமாகக் கிடைக்கிறது. ஆனால் படிப்பு மிக எளிதாக வருகின்ற பிள்ளைக்காகக் கவலைப்படுவோர் எத்தனை பேர்?

திறமை மிகுந்த பிள்ளைக்கும் துணை வேண்டும். அத்துணை, பாராட்டோ பரிசோ அன்று; மேலும் ஒரு தனிவகுப்பும் அன்று. தான் கற்க விரும்புவது யாது என்பதைத் தானே வரையறுத்துக்கொள்ளவும், அதை நோக்கி எவ்வளவு தூரம் நடந்திருக்கிறோம் என்பதைத் தானே அளந்து பார்க்கவும் அப்பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்பதே அத்துணையாகும். அதனை ஒரு தாயும் தந்தையும் வீட்டிலேயே எவ்வாறு செய்யலாம் என்பதை இம்மாதம் சிந்திப்போம்.

மலையடிவாரத்தில் பிறந்த கேள்வி

தேனி மாவட்டத்தில், கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கே மலைகள் எழுந்து நிற்கும் அடிவாரத்தில், பொட்டிப்புரம் என்னும் சிற்றூர் உள்ளது. வானம் பார்த்த நிலமும், கால்நடையும், கூலிவேலையுமாக வாழும் இவ்வூரின் பெயர் உலக அறிவியலார் நாவில் வழங்கலாயிற்று. காரணம், ஊரருகே உள்ள மலையைக் குடைந்து, ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கத்தின் முடிவில், நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்கத் திட்டமிட்டனர். 2015 சனவரியில் மத்திய அமைச்சரவை ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய்ச் செலவில் அதற்கு ஒப்புதல் அளித்தது. மலைக்கும் நீருக்கும் காட்டுக்கும் கேடு நேருமோ என்று மக்கள் அஞ்சினர், எதிர்ப்பு எழுந்தது. 2017 ஆம் ஆண்டில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. 2018 இல் மத்திய அமைச்சகம் மீண்டும் அனுமதி வழங்கியது. 2022 பிப்ரவரியில், இத்திட்டத்தை அனுமதிக்க இயலாது எனத் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

ஆய்வுக்கூடம் வேண்டுமா, வேண்டாமா என்பது இப்பகுதியில் நாம் எடுத்துக்கொண்ட பொருளன்று. நாம் நினைத்துப் பார்க்க வேண்டியது, அந்த ஆண்டுகளில் அவ்வூரில் வளர்ந்த பிள்ளைகளைப் பற்றியே. "நியூட்ரினோ" என்னும் சொல்லைப் பாடநூலில் காணுமுன்னரே பெரியவர்களின் பேச்சில் கேட்ட பிள்ளைகள் அவர்கள். அவர்களுள் ஒருத்தி, ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் கூர்த்த மதியுள்ள சிறுமி எனக் கொள்வோம், தன் தந்தையிடம் கேட்கிறாள்: "அப்பா, நியூட்ரினோ என்றால் என்ன? அதைப் பிடிக்க எதற்கு ஒரு மலை வேண்டும்?"

இக்கேள்விக்கு நம் வீடுகளில் வழக்கமாகக் கிடைக்கும் மறுமொழிகள் மூன்று. ஒன்று, "அதெல்லாம் உனக்கு எதற்கு? முதலில் மதிப்பெண் வாங்கு." மற்றொன்று, "நீ பெரிய விஞ்ஞானி ஆகிவிடுவாய், பார்!" மூன்றாவது, மௌனம். முதலாவது கேள்வியைக் கொல்கிறது; இரண்டாவது அதற்கு மாலையிட்டு மூலையில் உட்கார வைக்கிறது; மூன்றாவது அதைப் பட்டினி போடுகிறது. கேள்வியை இலக்காக மாற்றும் மறுமொழி வேறு. அதனைக் காணுமுன், அத்தகைய மறுமொழி கிடைக்காமல் தவித்து, பின்னர் அது கிடைக்கப்பெற்ற ஒரு தமிழ் இளைஞரின் வரலாற்றை நினைவுகூர்தல் நன்று.

குறிப்பேடும் மும்மாத அறிக்கையும்

கணித மேதை சீனிவாச இராமானுசன் 1887 டிசம்பர் 22 ஆம் நாள் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தவர். பதினாறாம் வயதளவில் கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணித நூலொன்று அவர் கைக்கு வந்தது. அதில் ஆயிரக்கணக்கான தேற்றங்கள் வரிசையாகக் கொடுக்கப்பட்டிருந்தன. நிறுவல்களோ மிகச் சுருக்கம். பலருக்கு அந்நூல் சலிப்பூட்டியிருக்கும். இராமானுசனுக்கோ அதன் ஒவ்வொரு வரியும் ஓர் இலக்காயிற்று. ஒவ்வொன்றையும் தாமே நிறுவிப் பார்க்க முற்பட்டார். அதற்கப்பால் தாமே புதியன கண்டு குறிப்பேடுகளில் எழுதலானார்.

1904 ஆம் ஆண்டில் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் சேர்ந்தார். கணிதத்தில் மூழ்கியவர் மற்றப் பாடங்களைக் கைவிட்டார், உதவித்தொகை போயிற்று. 1905 இல் எவரிடமும் சொல்லாமல் வீட்டைவிட்டு விசாகப்பட்டினத்திற்குச் சென்றுவிட்டார். பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும், 1907 வரை முயன்றும், எஃப்.ஏ. தேர்வில் அவர் தேறவில்லை. அதன்பின் சில ஆண்டுகள் வறுமையிலும் வேலை தேடுவதிலும் கழிந்தன. 1912 இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராகச் சேர்ந்தபோது அவருடைய மாதச் சம்பளம் 30 ரூபாய்.

பின்னாளில் அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்துக்கொண்ட பேராசிரியர் ஹார்டி, இராமானுசன் இளமையில் மறைந்ததைவிட, வழிகாட்டுவாரின்றி அவருடைய ஆற்றல் திசைமாறிக் கழிந்த அந்த ஐந்து ஆண்டுகளையே உண்மையான அவலம் எனக் கருதினார். முப்பத்திரண்டு வயதில் நேர்ந்த மரணத்தைவிடப் பெரிய இழப்பு, பதினெட்டு வயதில் துணையற்று நின்றதே என்று அவர் எண்ணினார். பிள்ளைகளைப் பெற்ற நாம் இக்கருத்தை ஒருமுறைக்கு இருமுறை சிந்திக்க வேண்டும்.

நிலைமை மாறியது 1913 இல். அவ்வாண்டு மே மாதம் முதல், சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகையை இரண்டு ஆண்டுகளுக்கு வழங்கியது. பட்டம் பெறாத ஒருவருக்கு இது வழங்கப்பட்டது பெரிதும் வியப்புக்குரியது. அதனுடன் ஒரு நிபந்தனையும் இருந்தது: மூன்று மாதத்திற்கு ஒருமுறை, தாம் செய்த பணியைப் பற்றி அவர் அறிக்கை தர வேண்டும். அவ்வாறே 1913 ஆகஸ்டு 5, நவம்பர் 7, 1914 மார்ச்சு 9 ஆகிய நாள்களைக் கொண்ட மூன்று அறிக்கைகளை அவர் எழுதினார். அடுத்த சில நாள்களில், மார்ச்சு 17 ஆம் நாள், இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். கணிதவியலார் இன்றும் பயன்படுத்தும் அவருடைய முக்கியமான தேற்றமொன்று அவ்வறிக்கைகளில் விரிவாக இடம்பெற்றுள்ளது.

இவ்வேற்பாட்டின் நுட்பத்தைக் கவனியுங்கள். எதைக் கண்டுபிடிக்க வேண்டுமென்று பல்கலைக்கழகம் அவருக்குக் கட்டளையிடவில்லை, இலக்கு அவருடையது. ஆனால் குறித்த காலத்தில் கணக்கு ஒப்புவிக்கச் சொன்னது. கல்லூரி எல்லாவற்றையும் கட்டளையிட்டது. இடைப்பட்ட வறுமைக் காலத்தில் எவரும் முறையாகக் கணக்குக் கேட்கவில்லை. 1913 இல்தான் உரிமையும் பொறுப்பும் ஒன்றாக வந்து சேர்ந்தன. திறமை மிகுந்த பிள்ளைக்கு வேண்டியது இவ்விரண்டின் சேர்க்கையே.

துறைமுகக் கழகத்தில் அவருடைய மேலதிகாரியாயிருந்த நாராயண ஐயரும் கணிதம் அறிந்தவர். இரவு வேளைகளில் இருவரும் பலகையும் கையுமாக அமர்ந்து கணிதம் பயில்வதுண்டு. இராமானுசன் இரண்டு படிகளில் தாண்டிச் செல்வதை, இடையிலுள்ள படிகளையும் எழுதிக் காட்டும்படி அவர் வற்புறுத்துவாராம். மேதையோடு போட்டியிடாமல், அவர் தம் எண்ணத்தைப் பிறர் அறியுமாறு விளக்கச் செய்தார். இத்தகைய பெரியவர் ஒருவர் அருகிருப்பது பிள்ளைக்குப் பெரும்பேறு.

இலக்கு யாருடையது?

நம் வீடுகளில் "இலக்கு" என்றவுடன் நினைவுக்கு வருவன மருத்துவர், மாவட்ட ஆட்சியர், பொறியாளர் என்னும் பதவிகளே. இவை விருப்பங்கள், கற்றல் இலக்குகள் அல்ல. மேலும் இவற்றை அடைவது பிள்ளையின் கையில் மட்டும் இல்லை. தேர்வெழுதுவோர் எத்தனை பேர், இடங்கள் எத்தனை, அன்றைய உடல்நிலை எப்படி என்பன யாவும் சேர்ந்தே முடிவைத் தீர்மானிக்கின்றன. பிள்ளையின் முழு மதிப்பையும் அத்தகைய ஒரு முடிவின்மேல் ஏற்றி வைத்தால், அம்முடிவு பிசகும் நாளில் பிள்ளையே உடைந்துபோகிறது. அறிவுமிக்க பிள்ளைகளே இவ்வாறு உடைவதைச் செய்தித்தாள்களில் கண்டு நெஞ்சம் பதறியிருக்கிறோம்.

கற்றல் இலக்கு என்பது பிள்ளையின் முயற்சிக்கு உட்பட்டது. "மாவட்டத்தில் முதலிடம் பெறுவேன்" என்பது பிறரையும் பொறுத்தது. "இம்மாத இறுதிக்குள் அணுவின் அமைப்பைப் படம் வரைந்து, பார்க்காமல் என் தம்பிக்கு விளக்குவேன்" என்பது தன்னையே பொறுத்தது. பொட்டிப்புரத்து மலைக்குள் ஆய்வுக்கூடம் எழுந்தாலும் எழாவிட்டாலும், நியூட்ரினோவைப் பற்றி அச்சிறுமி கற்றுக்கொண்டதை எந்தத் தீர்ப்பும் அவளிடமிருந்து பறிக்க முடியாது.

எனவே பெற்றோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "நீ என்ன ஆகப்போகிறாய்?" என்பதன்று, "இப்பொழுது எதைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்று உனக்கு ஆசை?" என்பதே. விடை உடனே வராது. பாராட்டுக்காகவே படித்துப் பழகிய பிள்ளை, தன் ஆசை எதுவென்றே அறியாதிருக்கலாம். இரண்டு வாரம் பொறுத்திருந்து மீண்டும் கேளுங்கள்.

பெரிய கேள்வியைச் சிறு படிகளாக்குதல்

1981 ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலார் பண்டூராவும் சங்கும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கணக்கில் பின்தங்கியும் ஆர்வமின்றியும் இருந்த சிறு பிள்ளைகளுக்குக் கழித்தல் கணக்குகள் 42 பக்கம் கொடுக்கப்பட்டன. பயிலும் அமர்வுகள் ஏழு. ஒரு பகுதியினரிடம், அமர்வுக்கு 6 பக்கம் முடிப்பதை இலக்காகக் கொள்ளலாம் என்றனர். மற்றொரு பகுதியினரிடம், இறுதிக்குள் 42 பக்கத்தையும் முடிக்கலாம் என்றனர். வேலை ஒன்றே, ஆயினும் அண்மை இலக்குப் பெற்றவர்களே திறமையிலும் தன்னம்பிக்கையிலும் ஆர்வத்திலும் முந்தினர். அப்பிள்ளைகள் பின்தங்கியவர்கள் என்பது உண்மை. ஆனால் தொலைவான இலக்கு மலைப்பைத் தரும் என்பது, பெரிய கேள்வி கேட்கும் பிள்ளைக்கு இன்னும் அதிகமாகவே பொருந்தும்.

கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சை விவசாயிக்கு இதனை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கவாத்து முடிந்து அறுவடைக்கு ஏறத்தாழ நான்கு மாதம் ஆகும். அந்நான்கு மாதமும் அவர் பழத்தையே நினைத்துக்கொண்டு பந்தலடியில் உட்கார்ந்திருப்பதில்லை. தளிர் விட்டதா, வேண்டாத கிளையைக் கிள்ளியாயிற்றா, பூ பிடித்ததா, காய் நெருக்கமாக உள்ளதா என்று அந்தந்த வாரத்திற்குரியதைப் பார்க்கிறார். கல்வியிலும் அவ்வாறே.

நம் சிறுமியின் கேள்விக்கு வருவோம். மூன்று மாதத்திற்கு அவள் ஒரு திட்டம் தீட்டலாம். முதல் மாதம், தன் வகுப்பு அறிவியல் நூலில் உள்ள அணு அமைப்புப் பாடத்தை, தேர்வுக்காக அன்றி, தன் கேள்விக்காகப் படித்தல். இரண்டாம் மாதம், மிகப் பெரிய எண்களைப் பத்தின் அடுக்காக எழுதப் பழகுதல். சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள், பூமியில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பை நொடிக்கு ஏறத்தாழ 6,500 கோடி வீதம் கடந்து செல்கின்றன என்பதை எழுதிப் பார்க்கையில், அடுக்குக்குறி எதற்கு என்பது தானே விளங்கும். மூன்றாம் மாதம், பத்தாம் வகுப்பில் படிக்கும் அக்காள் ஒருத்தியிடம் நூலை இரவல் வாங்கி, அணுக்கரு இயற்பியலின் தொடக்கப் பகுதிகளைப் படித்தல்.

இறுதியில் தன் கேள்விக்குத் தானே விடை எழுதுவாள்: நியூட்ரினோ மின்னூட்டமற்ற, மிகமிகச் சிறிய நிறையுடைய துகள், பெரும்பாலும் எதனோடும் வினைபுரியாமல் ஊடுருவிச் செல்வது. விண்ணிலிருந்து வரும் மற்றத் துகள்கள் கருவியைக் குழப்பாதபடி தடுக்க, மேலே பெரும் பாறைக் கவசம் வேண்டும், ஆகவேதான் மலை. 1965 ஆம் ஆண்டில் கோலார் தங்கச் சுரங்கத்தில், 2 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோக்களை நம் நாட்டு அறிவியலார் அயல்நாட்டாருடன் சேர்ந்து கண்டறிந்ததும் இவ்வாறே. இத்தனையும் அறிந்தபின், தன் ஊரில் எழுந்த விவாதத்தில் எப்பக்கம் நிற்பது என்பதையும் அவள் அச்சத்தாலோ பெருமையாலோ அன்றி, அறிவால் தீர்மானிப்பாள். கல்வியின் பயன் அதுவன்றோ!

நாற்பது பக்க நோட்டு

இலக்கை மனத்தில் வைத்தால் அது மறைந்துவிடும், எழுதினால் நிற்கும். கத்தோலிக்க குடும்பங்களுக்கு இது புதிய செய்தியன்று. புனித இஞ்ஞாசியார் எழுதி, 1548 இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்ற ஞானப் பயிற்சி நூலில், தனி ஆன்ம சோதனைக்கான முறை ஒன்று உண்டு. திருத்த விரும்பும் குறை ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு, நாளுக்கு இருமுறை தன்னைச் சோதித்து, தவறிய தடவைகளைக் கோடுகளின்மேல் புள்ளிகளாகக் குறிக்க வேண்டும். பின்னர் நாளோடு நாளையும், வாரத்தோடு வாரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒன்றே ஒன்றைத் தெரிந்தெடுத்தல், குறித்துவைத்தல், நேற்றைய தன்னோடு இன்றைய தன்னை ஒப்பிடுதல் ஆகிய இம்மூன்றும் கல்விக்கும் அப்படியே பொருந்தும்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள். ஒவ்வொரு வாரத்திற்கும் ஒரு பக்கம். அதில் நான்கு வரி போதும்: இவ்வாரம் நான் கற்க நினைத்தது, உண்மையில் செய்தது, தடுமாறிய இடம், அடுத்த வாரம் மாற்றிக்கொள்வது. மூன்றாம் வரியே உயிர்நிலை. திறமைசாலிப் பிள்ளைகள் தடுமாறியதை மறைக்கப் பழகியிருப்பர், "உனக்குத் தெரியாததா?" என்று நாமே சொல்லிச் சொல்லி அவ்வாறு ஆக்கியிருக்கிறோம். அவ்வரி வாரந்தோறும் வெறுமையாக இருந்தால், இலக்கு மிகத் தாழ்ந்தது என்று அறியலாம். இரண்டாம் வரி வெறுமையாகவே இருந்தால், இலக்கு மிக உயர்ந்தது. இரண்டிலும் திருத்த வேண்டியது இலக்கையே, பிள்ளையை அன்று.

அந்நோட்டு பிள்ளையின் உடைமை. விருந்தினருக்கு எடுத்துக் காட்டுவதோ, அண்ணன் தங்கையோடு ஒப்பிடுவதோ, அதைக் கொண்டு தண்டிப்பதோ கூடாது. ஒருமுறை அவ்வாறு செய்தால், அடுத்த வாரம் முதல் அதில் பொய் எழுதப்படும்.

எழுத்தறியாத தாயும் கேட்கலாம்

"எங்களுக்கு இதெல்லாம் தெரியாதே!" என்று பல பெற்றோர் தயங்கலாம். தேவாரத்திலிருந்தும் போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடியுமுன் ஜீப் ஏறி, மலைக்கு அப்பாலுள்ள ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குச் சென்று, பொழுது சாயும் நேரத்தில் திரும்பும் தாய்மார் எத்தனையோ பேர். அவர்கள் அணுவைப் பற்றி என்ன கேட்பார்கள்?

கேட்கலாம். கண்காணிப்பவர் பாடத்தை அறிந்திருக்க வேண்டும் என்பதில்லை. கவனத்தோடு கேட்டால் போதும். இராமானுசனின் அறிக்கைகளை முழுதும் அளந்தறியக் கூடியவர் அன்றைய சென்னையில் பலர் இருந்திருக்க முடியாது. ஆயினும் கணக்குக் கேட்கப்பட்டது, அவர் எழுதினார். வாரத்தில் ஒருநாள், ஞாயிற்றுக்கிழமை உணவுக்குப்பின் கால்மணி நேரம் ஒதுக்கி, மூன்று கேள்வி கேளுங்கள். "இந்த வாரம் என்ன புதிதாகத் தெரிந்துகொண்டாய்? எனக்குப் புரியும்படி சொல்." "எது கடினமாக இருந்தது?" "அடுத்த வாரம் என்ன செய்யப்போகிறாய்?" தாய்க்குப் புரியும்படி விளக்க முயலும் பிள்ளை, நாராயண ஐயர் எழுதச் சொன்ன இடைப்பட்ட படிகளைத் தானே எழுதத் தொடங்கிவிடும். மாதம் ஒருமுறை ஆசிரியர் ஒருவரிடமோ, கல்லூரியில் படிக்கும் உறவினரிடமோ அந்நோட்டைக் காட்டி வருமாறு பிள்ளையை அனுப்பினால், பாடத்திலுள்ள ஐயங்களும் தீரும்.

கேட்கும்போது பாராட்டையும் அறிந்து வழங்குதல் வேண்டும். 1998 இல் முல்லர், டுவெக் என்னும் இரு உளவியலார் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடையே நடத்திய ஆய்வுகளை வெளியிட்டனர். "நீ அறிவாளி" என்று பாராட்டப்பட்ட பிள்ளைகளிற் பலர், பின்னர் தங்கள் பெயரைக் காத்துக்கொள்ளும் எளிய வேலையையே விரும்பினர். கடினமான கணக்கில் தோற்றதும் சோர்ந்தனர். "நன்கு முயன்றாய்" என்று பாராட்டப்பட்டவர்களோ கற்றுத்தரும் கடினமான வேலையைத் தேர்ந்தனர். தோல்விக்குப் பின்னும் தளராமல் முயன்றனர். ஆகவே, "என் மகள் புத்திசாலி" என்பதைவிட, "சென்ற வாரம் விட்ட இடத்தை இந்த வாரம் பிடித்துவிட்டாயே" என்பது மேலான பாராட்டு. நோட்டு இல்லாமல் அவ்வாறு பாராட்டவும் இயலாது.

மற்றப் பாடங்கள்

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. தன் விருப்பத்துறையில் பறக்கும் பிள்ளை மற்றப் பாடங்களை அலட்சியம் செய்வது இயல்பு. இராமானுசனின் உதவித்தொகை போனது அதனாலேயே. எல்லாவற்றிலும் முதல்வனாக வேண்டும் என்று அத்தகைய பிள்ளையை வதைத்தல் தவறு. எக்கேடும் கெடட்டும் என்று விடுதலும் தவறு. இருவகை இலக்கு வைக்கலாம். விருப்பமான துறையில் வளர்ச்சி இலக்கு. அதற்கு மேல்வரம்பு இல்லை. விருப்பமற்ற பாடத்தில் காப்பு இலக்கு. கதவு அடைபடாதபடி வேண்டிய அளவை ஆசிரியருடன் பேசி முடிவு செய்து, நாளுக்கு அரைமணி நேரம் அதற்கென ஒதுக்குதல். "உன் கணிதத்தைக் காப்பாற்றவே இந்த ஆங்கிலம்" என்று சொன்னால் பிள்ளைக்கும் நியாயம் விளங்கும்.

உதவித்தொகைத் தேர்வுகளையும் இவ்வாறே கருத வேண்டும். எட்டாம் வகுப்பில் எழுதப்படும் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் திட்டத் தேர்வு 2008 இல் தொடங்கிய திட்டத்தைச் சேர்ந்தது. அதன் உதவித்தொகை 2017 முதல் ஆண்டுக்கு 12,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அது கிடைக்கும். ஏழைக் குடும்பத்திற்கு அது சிறிய தொகையன்று. தலைமையாசிரியரிடம் உரிய காலத்தில் கேட்டு, தகுதியுள்ள பிள்ளையைத் தவறாமல் எழுதச் செய்யுங்கள். ஆனால் தேர்வு ஒரு படிக்கட்டு, வீடன்று. பெயர் பட்டியலில் வராவிட்டாலும் நோட்டின் அடுத்த பக்கம் காத்திருக்கிறது என்பதைப் பிள்ளை அறிந்திருக்க வேண்டும்.

கைவிடவும் கற்றுக்கொடுங்கள்

மூன்று மாதம் முடிந்ததும் பிள்ளையும் பெற்றோரும் அமர்ந்து முழு நோட்டையும் புரட்டிப் பாருங்கள். சில இலக்குகள் நிறைவேறியிருக்கும். சில பாதியில் நிற்கும். சிலவற்றில் ஆர்வமே போயிருக்கும். கடினமாயிருந்ததால் விட்டதா, அல்லது அதைவிடச் சிறந்த கேள்வி ஒன்று பிறந்ததால் விட்டதா என்று கேளுங்கள். முன்னதாயின் இலக்கைச் சிறிதாக்கி மீண்டும் முயலட்டும். பின்னதாயின் மகிழ்ச்சியோடு மாற்றிக்கொள்ளட்டும். நியூட்ரினோவில் தொடங்கியவள் மலையின் பாறைகளில் போய் நிற்கலாம். பாறையில் தொடங்கி நிலத்தடி நீரில் நிற்கலாம். ஆற்றுநீர் போகும் வாய்க்காலை வெட்டிவிடுவதே நம் பணி. ஓய்வும் விளையாட்டும் அத்திட்டத்தில் இடம்பெறட்டும்.

பெற்றோரே, திறமை என்பது பிள்ளைக்குக் கிடைத்த விதை. அது தானே முளைத்து, தானே காய்க்கும் என்று எண்ணுவது எவ்வளவு பெரிய பிழை என்பதற்குக் கும்பகோணத்து இளைஞரின் ஐந்தாண்டுத் துயரம் சான்று. குறித்த காலத்தில் அன்போடு கணக்குக் கேட்பவர் இருந்தால் என்ன நிகழும் என்பதற்கு அவர் கைப்பட எழுதிய மூன்று அறிக்கைகள் சான்று. அப்பணிக்குப் பல்கலைக்கழகம்தான் வேண்டுமென்பதில்லை. நாற்பது பக்க நோட்டும், வாரத்தில் கால்மணி நேரமும், மறவாமல் கேட்கும் ஒரு தாயோ தந்தையோ போதும். வருகின்ற ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள்.